எதிர்ப்பேர்

ஜூன் 3, 2017, சனி

நேரு செத்த வருஷம் அது. மார்கழியில் கடல் ஏறித் தனுஷ்கோடியை ரயிலோடு வாரிக்கொண்டு போனதும் அதே வருஷம்தான். இரண்டுக்கும் நடுவில், ஆடி மழையில் எங்கள் மலைப்பாதை இடிந்து, பொள்ளாச்சியிலிருந்து அரிசி லாரி வராமல் பதினெட்டு நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றோம். தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் மேல் டிவிஷன் பிரட்டுக் களத்தில் காலை ஆறரைக்கு எந்த வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டால் சொல்லுவேன். அதைத்தான் தினமும் கொஞ்சமாகச் சொல்லி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்லக்கிளி எழுதுகிறாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த லைன் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

விஷயம் இது. மஞ்சக்கொம்பு எஸ்டேட்டை வாங்கிய புதுக் கம்பெனி, மேல் டிவிஷன் லைனில் இருக்கிற இருபத்தேழு வீட்டையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எழுபதாம் வருஷத்துக்கு முன்னால் மேல் டிவிஷனில் வேலையாளே கிடையாதாம். வெறும் காடாம். நாங்கள் பிற்பாடு வந்து குந்திக்கொண்டோமாம். இல்லையென்றால் வேலையாள் பெயரெல்லாம் எழுதின பழைய செக்ரோல் ஏட்டைக் காட்டு என்கிறார்கள். ஏடு இருந்தது அவர்கள் ஆபீசில். கரையான் தின்றுவிட்டது என்று சொல்கிறவர்களும் அவர்களே. விசாரணை ஜூலை பதினொன்று.

இன்று ஒழுகுகிற இடத்தில் இரண்டு பாத்திரம் வைத்தோம். சாயங்காலம் மூன்றாவதும் வேண்டியிருந்தது.

ஜூன் 5, திங்கள்

பிரட்டு என்றால் என்ன என்று வக்கீலம்மா கேட்டார். காலையில் ஆளெல்லாம் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிளார்க்கு ஏட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொன்னவருக்கு அன்றைக்கு வேலை. எல்லா எஸ்டேட்டிலும் இதுதான். எங்கள் மேல் டிவிஷனில் மட்டும் இன்னொரு வழக்கம் இருந்தது. கிளார்க்கு கூப்பிட்டு முடித்து ஏட்டை மூடியதும், அவருக்கு எதிரே ஒருவன் நின்று, கையில் காகிதம் இல்லாமல், அத்தனை பெயரையும் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் துரை கையெழுத்துப் போடுவார். எதிர்ப்பேர் சொல்லுகிறது என்போம்.

முன்பு ஒரு கிளார்க்கு செத்தவன் பேரையெல்லாம் ஏட்டில் வைத்திருந்தானாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. எழுத்து தெரியாத ஆளாகத் தேடி எடுத்தார்கள். தெரிந்தவன் என்றால் கிளார்க்கோடு சேர்ந்துகொள்வானாம். ஏழு வருஷம் நான்தான் எதிர்ப்பேர் மாடக்கண்ணு.

முதல் வரிசை இன்று சொன்னேன். வேலாண்டி, அவன் பெண்டாட்டி குருவம்மாள், ஒற்றைக்கண் பேச்சிமுத்து, சிவனணைஞ்சான், அவன் தாயார் பாக்கியம். இப்படிப் பதிமூன்று பேர். செல்லக்கிளி, "கண்ணை மூடிக்கிட்டா சொல்லணும் மாமா?" என்றாள். கண்ணைத் திறந்தால் அடுப்புதான் தெரிகிறது, களம் தெரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

வக்கீலம்மா வந்தார். ஷகிலா பானு, பொள்ளாச்சி. காலில் இரண்டு அட்டை ஏறியிருந்ததைக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தார். செல்லக்கிளி உப்பு வைத்து எடுத்தாள்.

சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசமும் கூட வந்தான். என்னைச் சோதிக்கிறேன் என்று வரிசையைக் கலைத்துக் கேட்டான்.

"இரண்டாம் வரிசையில சிவனணைஞ்சானுக்கு நேர் பின்னால யாரு பெரியப்பா?"

"அழகுமணி. புகையிலை போடுவாள். அவளுக்கு இடது பக்கம் அவள் கொழுந்தியாள்."

"போன வாரம் எங்கிட்ட நூறு ரூபா வாங்கினது ஞாபகம் இருக்கா?"

"நீ தந்தது ஐம்பது."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிறகு ஒன்று சொன்னார்.

"உங்க வேலைக்கு இங்கிலீஷ்லயே ஒரு சொல்லு இருக்குதுங்கய்யா. கண்ட்ரோல்."

எனக்குத் தெரிந்த கண்ட்ரோல் ரேஷன் கடைதான். சண்டைக் காலத்தில் கண்ட்ரோல் அரிசி என்று ஒன்று போட்டார்கள், கல்லும் நெல்லுமாக. அதைச் சொன்னேன்.

"அது பின்னால வந்ததுங்க. மொதல்ல அந்தச் சொல்லுக்கு அடக்குறதுன்னு அர்த்தமே இல்லை. அந்தக் காலத்துல அவங்க ஊர்ல கணக்கெல்லாம் தோல்ல எழுதிச் சுருட்டி வைப்பாங்க. அந்தச் சுருளுக்கு ரோலுன்னு பேர். உங்க செக்ரோல்ல இருக்குதே, அதே ரோல்தான். ஒருத்தன் கையில ஒரு சுருள் இருந்தா, அவன் தப்புப் பண்ணாம இருக்க, இன்னொருத்தன் கையில அதே மாதிரி எதிர்ச் சுருள் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சுச் சரிபார்க்கணும். அந்த எதிர்ச் சுருளுக்குப் பேர்தான் லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்து கண்ட்ரோல் ஆச்சு. கண்ட்ரோல் பண்றதுன்னா, எதிர் ஏட்டை வச்சுச் சரிபார்க்கறது."

"சரிபார்க்கிறது எப்படி அடக்குகிறதாச்சு?" என்று கேட்டேன்.

"யாரு கையில ஏடு இருக்குதோ அவன் அடக்குறான். வேற எப்படிங்க?"

போகும்போது, "ஒரிஜினல் போனா என்ன, எதிர் ஏடு உக்காந்து டீ குடிக்குது," என்றார். ஞானப்பிரகாசம் கைதட்டினான். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஜூன் 10, சனி

மழை. கரண்டு இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, புதன்

மூன்று வரிசையும் சொல்லி முடித்தேன். பதிமூன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. முப்பத்தேழு.

சாயங்காலம் ஞானப்பிரகாசம் சங்க ஆபீசின் தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு சீட்டு எடுத்துவந்தான். அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள், அதன் சீட்டு. மேல் டிவிஷன், கம்பளி முப்பத்தெட்டு. பெயர் எதுவும் இல்லை. இதை மட்டும் காட்டினால், காடு வெட்ட வந்த தற்காலிகக் கூலிக்குக் கொடுத்தது என்று கம்பெனி சொல்லிவிடுமாம்.

"ஆனா உங்க பேர்ப்பட்டியலோட சேர்த்து வச்சா சரியா நிக்கும் பெரியப்பா. ஒண்ணுதான் குறையுது. யாரோ ஒரு ஆள் விட்டுப்போச்சு, யோசிங்க."

கங்காணி இரண்டாக எடுத்துக்கொண்டிருப்பான் என்றேன்.

"கங்காணிக்கும் உங்களுக்கும் கறுப்புக் கம்பளி, தனிச் சீட்டுன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க?"

வயசாகிவிட்டது, மறந்திருக்கும் என்றேன்.

(மாமா மறந்துவிட்டது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. இதை நானாக எழுதினேன். செல்லக்கிளி.)

ஜூன் 18, ஞாயிறு

விசாரணை அதிகாரி ஒரு நிபந்தனை போட்டிருப்பதாக வக்கீலம்மா போனில் சொன்னார். ஏடு இல்லாததால் என் வாய்ப்பட்டியலை ஏற்றுக்கொள்வாராம். ஆனால் அந்தப் பிரட்டில் நின்ற இன்னொரு ஆள் வந்து, ஆமாம், நானும் நின்றேன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் போதும்.

நாள் முழுக்க செல்லக்கிளியும் ஞானப்பிரகாசமும் போனும் கையுமாக இருந்தார்கள். நான் பெயர் சொல்ல, அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். குருவம்மாள் போய் இருபது வருஷம். பேச்சிமுத்தை யானை அடித்தது எனக்கே தெரியும். பாக்கியம் சுரண்டையில், போன கார்த்திகையில். ஒவ்வொரு பெயருக்கும் செல்லக்கிளி ஒரு கோடு போட்டாள். பொழுது இறங்குவதற்குள் தாளில் கோடுதான் அதிகம்.

மிச்சம் ஒருவன். வேலாண்டி. ஆழியாறில் மகள் வீட்டில் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயசு மூத்தவன்.

ஜூன் 25, ஞாயிறு

ஆழியாறு போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு, செல்லக்கிளி மூன்று இடத்தில் வாந்தி எடுத்தாள். கீழே வெயில் அடிக்கிறது. மேலே மழை என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

வேலாண்டி கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். காது மந்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "எலே, எதிர்ப்பேரு. நீ இன்னும் சாகலையா?" என்றான்.

"உன்னை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்."

"அப்போ வரிசையில நில்லு. நான்தான் மொத வரிசை."

விஷயத்தைச் சொன்னோம். வருகிறேன் என்றான். மகள் வேண்டாம் என்று தடுத்தாள். "நான் பொறந்து வேலை பார்த்த எடத்தக் காடுங்கான், வராம என்ன செய்ய?" என்று அவளை அடக்கினான். செல்லக்கிளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கிளம்பும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவர்கள் பேசுகிற சத்தத்தில் கேட்டான்: "அந்தக் கை போன புள்ள என்ன ஆனா மாடக்கண்ணு? அன்னைக்கு எனக்குப் பின்னாலதான நின்னா. ஈரத் தலைய உதறி என் முதுகெல்லாம் நனைச்சா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வரும்போது கோட்டூர் போய் வரட்டுமா என்று செல்லக்கிளியிடம் கேட்டேன். கோட்டூரில் யார் இருக்கிறார்கள் என்றாள். யாருமில்லை, ஆட்டுச் சந்தை பார்க்கலாம் என்று நினைத்தேன் என்றேன். "வருஷா வருஷம் தைப்பூசம் முடிஞ்சா தனியா அங்கதான போறீங்க? ஒரு தடவைகூட ஆடு வாங்கிட்டு வந்ததில்லையே," என்றாள்.

ஜூன் 27, செவ்வாய்

வேலாண்டி செத்துவிட்டான். காலையில் காபி கேட்டிருக்கிறான், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 1, சனி

காரியம் முடித்துத் திரும்பினோம். லைன் முழுக்க எங்கள் வாசலில் நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் வீட்டு அமராவதி மட்டும், "சாமான் கட்ட சாக்கு சொல்லி வச்சிருக்கேன், உங்களுக்கும் ரெண்டு வேணுமா சித்தப்பா?" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் செல்லக்கிளி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வேலாண்டி தாத்தாவுக்குப் பின்னால யாரு மாமா?"

"அழகுமணிக்கு அடுத்து..."

"அழகுமணி சிவனணைஞ்சானுக்குப் பின்னால. வேலாண்டிக்குப் பின்னால இடம் காலியா இருக்கு. நான் வரிசையைப் படம் போட்டு வச்சிருக்கேன். மொத வரிசையில பதிமூணு, ரெண்டாவதுல பன்னெண்டு. குறைஞ்சா வரிசைக் கடைசியில குறையணும், இது ஆரம்ப ஓரத்துலயே குறையுது."

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"கை போன புள்ள யாரு?"

எழுதாதே என்றேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஜூலை 4, செவ்வாய்

கம்பெனி மேனேஜர் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு, கோயமுத்தூர்க்காரர். நாற்காலியில் உட்காரவில்லை. செல்லக்கிளி கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"பெரியவரே, நல்லா ஞாபகசக்தின்னு கேள்விப்பட்டேன். அறுபத்தி நாலுல இங்க ஒரு விபத்து. அப்ப ஒரு விசாரணை. அதுல நீங்க வலது பெருவிரல் ரேகை வச்சிருக்கீங்க. ஞாபகம் இருக்குங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருந்தது என்று யாருக்குத் தெரியும்?"

"பேப்பர் எங்ககிட்ட பத்திரமா இருக்குதுங்க. வயசான காலத்துல அது வெளிய வந்தா உங்களுக்குத்தான் அசிங்கம். பதினொண்ணாம் தேதி உடம்பு சரியில்லைன்னு இருந்துக்குங்க. உங்க ஒரு வீட்டை மட்டும் நான் பார்த்துக்கறேன்."

தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கும்வரை செல்லக்கிளி நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். "இப்ப சொல்லுங்க," என்றாள். நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

சொன்னேன்.

மேல் டிவிஷனிலிருந்து பாக்டரிக்கு இலை மூட்டை கம்பியில் தொங்கிப் போகும். மேலே ஒரு இரும்புச் சக்கரம். அதை நிறுத்துகிற கட்டை தேய்ந்துவிட்டது என்று ஆனி மாதமே துரையிடம் சொல்லியிருந்தோம். ஆடியில் ஒரு நாள் காலை, மூட்டை மாட்டப் போன பெண்ணின் வலது கையைச் சக்கரம் முழங்கைவரை இழுத்துக்கொண்டது. பதினெட்டு வயசு. பிரட்டில் அவள்தான் இளையவள். கல்யாணமாகி மலைக்கு வந்து நாலு மாதம்.

சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. கிளார்க்கு வர்க்கீஸ் அன்றைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முப்பத்தேழு பெயர். அவள் அன்று வேலைக்கே வரவில்லை, வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டாள் என்றால் கம்பெனிமேல் குற்றமில்லை. துரை என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டார். பழைய துரைகள் போலத் திட்டவில்லை. நிதானமாகக் கேட்டார்: "ஏட்டில் அவள் பேர் இல்லை. உன் வாயில் இருக்கிறதா?"

என்னை அந்தக் களத்தில் நிற்கவைத்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான். ஏழு வருஷத்தில் மற்ற எல்லா நாளும் ஏடும் வாயும் ஒத்துப்போன நாள். நான் இல்லாவிட்டாலும் அந்த நாளெல்லாம் நடந்திருக்கும்.

இல்லை என்றேன்.

"ஏன் மாமா?"

கொழுந்து எடுக்கிறவனாக இருந்தவனைக் கூட்டிவந்து துரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். காலில் செருப்புப் போட்டுக்கொண்டு களத்துக்கு வரலாம் என்றார்கள். லைனில் அப்போது செருப்பு போட்டவன் நான் ஒருவன்தான். வேறு காரணம் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டேன்.

அவளையும் அவள் புருஷனையும், காயத்தில் கட்டு ஈரம் காய்வதற்குள் மலையைவிட்டு இறக்கினார்கள்.

"படிக்கத் தெரியாததால ரேகை வச்சீங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாதுன்னு அந்த ஆள்கிட்ட சொன்னீங்களே. அது மட்டுமாவது நெசமா?"

வர்க்கீஸ் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். இரண்டாவது தடவை நான்தான் கேட்டேன்.

செல்லக்கிளி நோட்டை மூடவில்லை. எழுந்துபோய் அந்த ஆள் வைத்துவிட்டுப் போன தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

ஜூலை 5, புதன்

செல்லக்கிளி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு போனை என் காதில் வைத்தாள். கோர்ட்டு வாசல் ஆரன் சத்தம் கேட்டது.

"அந்தப் பேப்பரை அவங்க இத்தனை நாளும் காட்டலை. ஏன்னு தெரியுதுங்களா? முப்பத்தேழு பேர் நின்னாங்கன்னு அதுல இருக்குது. மேல் டிவிஷன்ல பிரட்டு நடந்ததுக்கு அவங்க கையெழுத்தே அதுதான். மிரட்டுறதுக்கு மட்டும்தான் வச்சிருக்காங்க."

"அப்படியென்றால்?"

"நீங்க அந்தம்மா பேரைச் சொன்னா, உங்களைப் பொய்யன்னு காட்ட அதை எடுத்துத்தான் ஆகணும். எடுத்தா நாம ஜெயிச்சோம். எடுக்கலைன்னா அந்தம்மாவே சாட்சி. எப்படிப் போனாலும் இருபத்தேழு வீடு நிக்கும். ஆனா..." வார்த்தை தேடினார். "அம்பத்தி மூணு வருஷத்துக்கு முன்னால என்ன பண்ணீங்கன்னு, அத்தனை பேர் முன்னால, உங்க வாயால வரும். உங்களைச் சொல்லச் சொல்லி நான் கட்டாயப்படுத்த மாட்டேனுங்க."

பிறகு, "அவங்க இருக்காங்களா? எங்கன்னு தெரியுமா?" என்றார்.

தெரியும் என்று நான் சொல்வதற்கு முன்னால் செல்லக்கிளி சொல்லிவிட்டாள்: "கோட்டூர்ல."

ஜூலை 8, சனி

கோட்டூர். தனியாகத்தான் போனேன்.

சந்தைக்கு எதிரே, வேப்பமரத்துக்குக் கீழே பழக்கடை. கொய்யா, நாட்டு வாழை. வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். ரோட்டைத் தாண்டியது இல்லை. முதலில் புருஷன் கூட இருந்தான், பத்து வருஷமாக அவள் மட்டும். இடது கையால் தராசை எடுத்து, கொக்கியை வலது முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, அதே இடது கையால் பழம் போடுவாள். பக்கத்து மீன்கடைக்கு வருகிற காக்கையைக்கூட அந்த மிச்சக் கையால்தான் விரட்டுவாள்.

இன்று தாண்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரும் அண்ணாச்சி. ரோட்ட தாண்ட இத்தனை வருசம் ஆச்சா?"

நான் நின்ற இடம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னு பாக்கியது தெரியும். பஸ்ஸுக்கு நிக்கியவன் பஸ் வந்தா ஏறுவான். நீரு ஒம்பது பஸ்ஸ விடுவீரு. என் வீட்டுக்காரரு இருந்தப்போ கல்லெடுத்து எறியட்டுமான்னு கேப்பாரு. வேண்டாம், நிக்கட்டும்னு சொல்லுவேன்."

விஷயத்தைச் சொன்னேன். வீடு, நோட்டீஸ், வேலாண்டி செத்தது, எல்லாம். வேலாண்டி பேருக்கு மட்டும் அவள் கை நின்றது. பிறகு ஒருத்தி கொய்யா கேட்டு வந்தாள். நிறுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அவள் போகும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"சாட்சிக்கு நான் வரணுமாக்கும்."

"வந்தால் இருபத்தேழு வீடு நிற்கும்."

"எனக்கும் அந்த லைன்ல ஒரு வீடு இருந்துச்சு. ஒம்பதாம் நம்பரு. மஞ்ச தேச்சுக் கோலம் போட்டு நாலு மாசம்." கொய்யாக் குவியலைச் சரிசெய்தாள். "நான் அன்னைக்கு நின்னேனா, நிக்கலையா?"

"நின்றாய்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? எனக்குத் தெரியாதா?"

அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரும். நான் வந்து நின்னேன்னு சொன்னா, கையில்லாதவ காசுக்கு வந்து பொய் சொல்லுதான்னு சொல்லுவானுவ. அன்னைக்கும் அதத்தான் சொன்னானுவ. நின்னவளுக்கு சாட்சி எதிர்ப்பேர்க்காரன். அவன் வாயில இருந்து வராத பேரு நானே கத்துனாலும் ஏறாது. மொதல்ல நீரு கூப்பிடும். வாரதும் வராததும் பெறகு என் இஷ்டம்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மேல போற கடைசி பஸ்ஸு வருது, இதையாவது விடாதேயும்," என்றாள்.

ஜூலை 10, திங்கள்

அமராவதி சாக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லக்கிளி வாங்கி விறகுமேல் போட்டு மூடினாள், நனையாமல் இருக்க.

நாளைக்கு லைனிலிருந்து இருபது பேராவது வருகிறார்களாம். ஞானப்பிரகாசம் வேன் பேசியிருக்கிறான். "முப்பத்தேழோ முப்பத்தெட்டோ, நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிங்க பெரியப்பா, நாங்க பார்த்துக்கறோம்," என்கிறான். அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சரிபார்க்கிறது எப்படி அடக்குகிறதாச்சு என்று அன்றைக்குக் கேட்டேனே, வக்கீலம்மா சொன்ன பதில் பாதிதான். ஏடு கையில் இருக்கிறவன் அடக்குவான். சரி. எதிரே நிற்கிறவன் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் அவனால் முடியும். அந்தப் பாதியை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செல்லக்கிளி சலவை வேட்டி எடுத்து வைத்தாள். செருப்பு வேண்டாம் என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

விசாரணை அறை சின்னது. லைன் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அமராவதி ஜன்னல் பக்கம். கம்பெனி வக்கீல் மேசையில் பழுப்புநிறக் கவர் ஒன்று, வாய் கட்டியபடி. மேனேஜர் அதன்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கோட்டூரிலிருந்து யாரும் வந்ததாகத் தெரியவில்லை. செல்லக்கிளி இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதிகாரி வயசில் என் மகனைவிடச் சின்னவர். உட்காரச் சொன்னார். நின்றேதான் எனக்குச் சொல்ல வரும் என்றேன்.

"சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு முதல் வரிசையைச் சொன்னேன். வேலாண்டி. குருவம்மாள். பேச்சிமுத்து. சுவரோரம் யாரோ தங்கள் அப்பா பேர் வந்ததும் மூக்கை உறிஞ்சினார்கள். பதிமூன்றும் முடிந்தது. எழுதிக்கொள்கிறவருக்காக நிறுத்தினேன். இரண்டாம் வரிசையை ஓரத்தில் தொடங்காமல் அடுத்த ஆளில் தொடங்கினேன். பழக்கம். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த இடத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறேன். மூன்றாம் வரிசையும் முடிந்தது.

"முப்பத்தேழு," என்றார் அதிகாரி. "கம்பளிச் சீட்டு முப்பத்தெட்டுங்குது."

கம்பெனி வக்கீல், "சாட்சிக்கே எண்ணிக்கை தெரியலை," என்று சிரித்தார்.

"ஒன்று நான் விட்டேன்," என்றேன். "மறந்து விடவில்லை."

மேனேஜர் கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் சொன்னேன். இரும்புச் சக்கரம், கிழித்த தாள், பங்களா, ரேகை. இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னதையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். ஞானப்பிரகாசம் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். அமராவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கவரில் இருப்பது என் ரேகைதான்," என்றேன். "பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்."

கம்பெனி வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கவர்மேலிருந்து கையை எடுக்கவில்லை. வக்கீலம்மா எழுந்து என்னவோ இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீங்க ஒரு தடவை பொய் சொன்னவர். இப்ப சொல்றதை நான் எதை வச்சு நம்ப? அந்த முப்பத்தெட்டுல இன்னைக்கு உயிரோட யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கிறாள்."

"பேர்?"

பிரட்டில் கூப்பிடுகிற மாதிரி நிமிர்ந்து நின்றேன். இரண்டாம் வரிசை, ஓரம், வேலாண்டிக்கு நேர் பின்னால். கதவைப் பார்த்து, களம் முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டேன்.

"சுடலைமுத்து பெண்டாட்டி, உச்சிமாகாளி."